டெஸ்ட் பச்சையா இருந்தா மட்டும் போதாதுங்க

மேல ஒருத்தர், ஏஐ ஏஜென்ட் (தானாவே கோடை எழுதித் திருத்தற ஏஐ) ரீஃபாக்டர் பண்ணி, அதாவது கோடு செய்யற வேலை மாறாம அமைப்பை மட்டும் மாத்தி முடிச்சதும், டெஸ்ட் எல்லாம் பச்சைன்னா (பாஸ்னா) எதுவும் உடையலன்னு அர்த்தம்னு சொல்லிருக்கார். அது முழுசா சரியில்லீங்க. ஏஜென்ட்டால டெஸ்ட் ஃபைலையும் திருத்த முடியும், பாஸ் ஆகாத டெஸ்ட்டையே மாத்திட்டு பச்சை காட்டலாம். நான் வாளையார்ல இருந்துட்டு கோயமுத்தூர் கடை ஒண்ணுக்கு பில்லிங் கோடு பாக்கறேன், பாலக்காடு கேரளாங்கறதால அங்க போற சரக்குக்கு ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி) 18%, உள்ளூருக்கு சிஜிஎஸ்டி (மத்திய வரி) 9% எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) 9%, ஏஜென்ட் ரெண்டு ஃபங்ஷனையும் ஒண்ணாக்கிட்டு பாலக்காடு டெஸ்ட்ல இருந்த 18-ஐயும் 9+9-னு மாத்தி வெச்சிருச்சு. மொத்தம் அதேதானே, பில்லைப் பாத்தா யாருக்குத் தெரியும்! நல்லவேளை டிஃப்ல (பழைய கோடுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டறது) மாட்டுச்சு.

செக் பண்றது ஈசிதான். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கிட்ல (கோடு மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கற டூல்) ஒரு கமிட் போட்டு அப்போதைய கோடைச் சேமிச்சுடுங்க, முடிஞ்சதும் டெஸ்ட் ஃபோல்டருக்கு மட்டும் கிட் டிஃப் பாருங்க. இம்போர்ட், ஃபங்ஷன் பேரு மாறியிருந்தா பரவால்ல, ஆனா அசர்ட்ல (என்ன விடை வரணும்னு டெஸ்ட் சொல்ற லைன்) இருக்கற நம்பர் மாறியிருந்தாலோ புதுசா ஸ்கிப் (டெஸ்ட்டை ஓட்டாம விடறது) வந்திருந்தாலோ பழைய டெஸ்ட் ஃபைலை கிட்ல இருந்து எடுத்து, மாறின பேரை மட்டும் திருத்தி புது கோடு மேல ஓட்டுங்க, சிவப்பு வந்தா எங்க உடைஞ்சுதுன்னு அப்பவே தெரிஞ்சிரும்.