பக்கத்து வீட்டுக்காக வாங்கிய மாத்திரை

நேற்று மத்தியானம் கடைக்கு ஒருவர் வந்தார். கண் சிவந்திருந்தது. உச்சி வெயிலில் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தார். "பக்கத்து வீட்டுல ஒரு ஆளுக்குக் காய்ச்சலு, பாரசிட்டமால் ஒரு அட்டை தாங்க" என்றார். பணம் வாங்கும்போது அவர் விரல் என் கையில் பட்டது. சுட்டது.

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் 16 வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறேன். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் தொடங்கி அடுத்த வருஷம் ஜூலை வரை இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேன் என்று கணக்கே இல்லை. பக்கத்து வீட்டுக்கு. மயினிக்கு. சென்னையிலிருந்து வந்த கொழுந்தனுக்கு. தோட்டத்தில் வேலைக்கு நிற்கிற ஆளுக்கு. "எனக்கு" என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ராத்திரி கடையடைக்கும்போது காய்ச்சல் மாத்திரைப் பெட்டி காலியாக இருக்கும். அந்தக் காலிப் பெட்டியையும், அன்றைய அரசு அறிக்கையில் நம் மாவட்டத்துக்கு நேரே இருக்கிற தொற்று எண்ணையும் சேர்த்து நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிக்காது.

அந்த எண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2020 மார்ச் 24ஆம் தேதி சாயங்காலம் தமிழ்நாட்டில் 144 வந்தது, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்கப் பொதுமுடக்கம். அந்த வாரமே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அப்போது தினமும் சாயங்காலம் சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கையில் மாவட்டங்கள் ஆங்கில அகர வரிசையில் இருக்கும். அரியலூரில் தொடங்கி, கள்ளக்குறிச்சி, காஞ்சிபுரம் தாண்டி 11ஆவது வரி கன்னியாகுமரி. வாட்ஸ்அப்பில் அறிக்கை வந்ததும் முதலில் அந்த வரியைத்தான் தேடுவேன். மஸ்கட்டில் இருக்கிற வீட்டுக்காரர் ராத்திரி கூப்பிட்டால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் "நம்ம ஜில்லாவுல இன்னைக்கு எத்தன?" என்றுதான் கேட்பார்.

மேற்கே இருக்கிற எங்களுக்கு ஒரு சாயங்காலத்தில் இரண்டு கணக்கு. ஆறு மணிக்கு அன்றைய கேரள முதல்வர் பினராயி விஜயன் தொலைக்காட்சியில் மாவட்ட வாரியாகச் சொல்வார், அதில் திருவனந்தபுரத்தைக் கேட்போம். பிறகு நம் அறிக்கை. பெண் கொடுத்ததும் எடுத்ததும் கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இரண்டு பக்கமும்தானே. 1956 நவம்பர் 1இல் எல்லைக்கோடு மாறியது, சொந்தபந்தம் மாறவில்லை. பெரிய நோய் என்றால் இங்கே பாதிப் பேருக்குத் திருவனந்தபுரம்தான் நினைவுக்கு வரும். சோதனைச்சாவடி அடைத்த பிறகு சிகிச்சைக்குப் போக முடியாமல் தவித்த சிறுநீரகக் காரர்களும் புற்றுநோய்க் காரர்களும் என் கடையில் வந்து, கேரளாவில் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டி, "இது இங்க கிட்டுமா மக்களே" என்று கேட்டிருக்கிறார்கள். பல மருந்து என்னிடம் இல்லை. அந்த முகங்கள் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

நோட்டில் எழுத எழுதத்தான் அந்த எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பிடிபட்டது. முதலாவது, இன்றைக்கு வந்த எண் இன்றைய நோய் இல்லை. கிருமி உள்ளே போய் ஐந்தாறு நாள் கழித்துத்தான் பலருக்கும் காய்ச்சல் வரும், 14 நாள்கூட ஆகலாம். காய்ச்சல் வந்தவர் இரண்டு நாள் சுக்குக் கஷாயம் குடித்துப் பார்ப்பார். பிறகு சளி மாதிரி கொடுப்பார். ஆரம்பத்தில் நம் மாதிரிகள் திருநெல்வேலிக்குப் போய் முடிவு வர வேண்டியிருந்தது, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலேயே பரிசோதனை தொடங்கிய பிறகுதான் அந்தக் காத்திருப்பு குறைந்தது. ஆகவே இன்று எண் குறைந்தது என்று சந்தையில் கூட்டம் சேர்ந்தால், நாம் போன வாரத்தைப் பார்த்துக்கொண்டு இந்த வாரம் நடக்கிறோம் என்று அர்த்தம்.

இரண்டாவது, எத்தனை பேருக்குப் பார்த்ததில் எத்தனை என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 1000 பேருக்குப் பார்த்து 50 வந்தால் ஒன்று, 200 பேருக்குப் பார்த்து 50 வந்தால் அது வேறு கதை. நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இரண்டு வாரம் நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே சொல்லியிருந்தது. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வியை நான் நாலைந்து முறை கேட்டேன். ஒருவரும் அதைத் தொடவில்லை. வந்த கேள்வி ஒன்றுதான்: "ஆளு யாரு?"

இங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. 2011 கணக்குப்படி 18,70,374 பேர் இருக்கிற மாவட்டம் இது. சென்னைக்கு அடுத்து மாநிலத்திலேயே ஜன நெருக்கம். தோவாளையிலிருந்து முஞ்சிறை வரை 9 ஒன்றியம், 95 ஊராட்சி. மலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரும், தோவாளையில் பூக் கட்டுகிறவரும், கடற்கரையில் சுவரோடு சுவர் ஒட்டின வீட்டில் இருக்கிறவரும் ஒரே எண்ணுக்குள். எங்கே பரவுகிறது என்று ஒன்றியத்துக்கு ஒரு எண் கிடைத்திருந்தால் எங்களால் ஏதாவது செய்திருக்க முடியும். வயசானவர்களை எந்த வாரம் கோவிலுக்கும் பூசைக்கும் அனுப்பாமல் இருக்கலாம், எந்த வாரம் கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம் என்று முடிவு செய்திருக்கலாம். எங்கே என்பது தெரியாததால் யார் என்று தேடினோம்.

தேடின விதத்தையும் சொல்லத்தான் வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை, ஆனாலும் 'கல்ஃப்காரன் வீடு' என்ற ஒரே காரணத்துக்காக என் பிள்ளைகளோடு விளையாட அடுத்த வீட்டுப் பிள்ளைகளை விடவில்லை. ஊர் முக்கில் தென்னந்தடி போட்டு வழியை அடைத்தார்கள். தொற்று வந்த தெருவில் தகரம் அடித்ததும் அந்தத் தகரத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏறுகிற பெண்ணை வீடியோ எடுத்த பையனை எனக்குத் தெரியும், என் கடைக்கு வருகிற பையன்தான். அவனிடம் நான் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் பாட்டி காலத்தில் அம்மை கண்ட வீட்டு நடையில் வேப்பிலை செருகுவார்கள். அதுவும் அறிவிப்புதான். உள்ளே தீனம் இருக்கிறது, வராதே என்றுதான் அதற்கும் அர்த்தம். ஆனால் அந்த வேப்பிலையைச் செருகுவது அந்த வீட்டுக்காரரே. பார்க்கிறவர்களுக்கு அதன் மேல் பயத்தோடு ஒரு பணிவும் இருந்தது. வாசலில் கஞ்சியை வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஸ்டிக்கரை வேறு யாரோ வந்து ஒட்டினார்கள், அதைப் பார்த்தவர்கள் கஞ்சி கொண்டுவரவில்லை. பேரிடர்ச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவு போட்டால் ஒழிய இப்படி ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் எங்கள் பக்கம் எல்லோரும் ஒரு பாடம் படித்து முடித்திருந்தோம்: காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லாதே.

அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்களில் ஒருவர் மீன் விற்க வருகிற ஒரு அக்கா. பெயர் வேண்டாம். கடற்கரையிலிருந்து தலையில் கடவத்தோடு வருவார். சாளையும் நெத்திலியும் அவரிடம் வாங்கினால் கூட நாலு மீன் அள்ளிப் போடுவார். 2020 ஜூலையில் திருவனந்தபுரத்துக் கடற்கரையான பூந்துறையில் பரவி, அங்கே மும்மடங்குக் கட்டுப்பாடு போட்ட சமயத்தில், மீன் என்றாலே கொரோனா என்று இங்கேயும் பேச்சு கிளம்பியது. மூன்று வாரம் அவரிடம் ஒரு வீட்டிலும் மீன் வாங்கவில்லை. பயந்துபோய் நானும் வாங்கவில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

2021 மே மாதம், இரண்டாவது அலை. 10ஆம் தேதி முழு ஊரடங்கு. 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேர். அந்த வாரத்தில் அந்த அக்கா கடைக்கு வந்தார். "மக்களே, மயினிக்கு மேலு கொதிக்கு, ரெண்டு மாத்திரை தா." கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் மயினிக்கு. ஐந்தாம் நாள் மூன்றாவது முறை. அன்றைக்குப் படி ஏறும்போது மூச்சு வாங்கியது. ஆக்சிமீட்டர் என் மேஜையிலேயே இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியும். "அக்கா, கையைக் காட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடை வாசலில் ஆறேழு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் அவர் விரலைப் பிடித்துப் பார்த்தால் அவருடைய மீன் வியாபாரம் அன்றோடு போயிற்று என்று நினைத்தேன். அது கருணை என்று நான் நினைத்துக்கொண்டேன். மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன்.

யாஸ் புயலை ஒட்டி மாவட்டம் முழுக்க மழை கொட்டி ஆறெல்லாம் கரைபுரண்ட அந்த நாட்களில் அவரைத் தம்பி வீட்டாட்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. எந்த மாநிலத்துக் கணக்கில், எந்த நாள் எண்ணில் அவர் இருக்கிறார் என்று என் நோட்டில் தேடினேன். அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு எண்ணையும் பார்த்தேன். எதில் விரல் வைத்து இது அவர் என்று சொல்வது?

எண் தப்பானதற்கு அரசாங்கத்தை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. அறிக்கைகளில் விடுபட்ட மரணங்கள் உண்டு. 2020 ஜூலையில் ஒரே நாளில் 444 மரணங்களைப் பின்னால் சேர்த்தார்கள், நினைவிருக்கும். அது அவர்கள் பங்கு. ஆனால் சளி மாதிரி கொடுக்கவே வராதவரை எந்த அரசு எண்ண முடியும்? அவரை வரவிடாமல் செய்தது எங்கள் தெரு.

இதே கடற்கரை ஒக்கிப் புயல் நேரத்தில் எப்படி எண்ணியது என்று நினைத்துப் பார்க்கிறேன். 2017 நவம்பர் 30. ஆழ்கடலுக்குப் போன தூத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வரவில்லை. அரசு சொன்ன எண்ணை ஊர்கள் ஏற்கவில்லை. பங்குத்தந்தைகளும் ஊர் ஆட்களும் உட்கார்ந்து ஊர் ஊராக, வள்ளம் வள்ளமாகப் பெயர் எழுதினார்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள், ஆயிரக்கணக்கான பேர் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு பெயர்கூட விடுபடக் கூடாது என்று அத்தனை பிடிவாதம். பெயரைச் சொன்னால் ஊர் நமக்காக நிற்கும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. மூன்றே வருஷத்தில் அதே ஊர்களில் பெயர் தெரிந்தால் ஊர் நம்மை விட்டுவிடும் என்ற பயம் வந்தது. தீனத்தைவிட எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

எல்லோரும் அப்படி இல்லை என்பதையும் சொல்லாவிட்டால் அநியாயம். 2020 ஜூலை 1இல் ஈரானில் மாட்டிக்கிடந்த மீனவர்களை ஜலஷ்வா கப்பல் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது, 687 பேர், அதில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறைய. எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் அப்படி வந்தவர்களின் வீடுகளுக்கு அன்பியம் அன்பியமாக, அதாவது பங்குக் கோவிலின் சிறு சிறு வீட்டுக் குழுக்களாகப் பிரித்து, அரிசியும் மரச்சீனியும் கொண்டுபோய் வைத்தார்கள், ஒரு வாரம்கூட விடவில்லை. இரண்டாம் அலையில் எங்கள் பக்கம் சாதி மதம் பார்க்காமல் உடல்களை அடக்கம் செய்தது பாதுகாப்பு உடை போட்ட சில முஸ்லிம் பையன்கள். கிராம சுகாதார செவிலியர்கள் நடந்த நடைக்குக் கணக்கே கிடையாது. பக்கத்தில் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட்டுக்கு வைத்திருந்த திரவ ஆக்சிஜன் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. நம் எம்.பி. வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28இல் இந்த நோயில்தான் போனார், அதற்குப் பிறகுதான் 'இதெல்லாம் சும்மா' என்று சொல்லிக்கொண்டிருந்த பலர் மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றினார்கள்.

கொரோனா போகட்டும். டெங்கு ஒவ்வொரு மழைக்கும் வருகிறது. எலிக்காய்ச்சல் வருகிறது. கேரளாவில் நிபா என்றால் களியக்காவிளையில் மறுபடியும் வெப்பமானியோடு நிற்கிறார்கள். நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலும் ஒரு கரும்பலகை. இந்த வாரம் இந்த ஒன்றியத்தில் இத்தனை பேருக்குப் பார்த்தோம், இத்தனை பேருக்கு இன்ன காய்ச்சல். பெயரும் வேண்டாம், தெருவும் வேண்டாம். பங்குக் கோவில் அறிவிப்பிலும், பள்ளிவாசலிலும், அம்மன் கோவில் மைக்கிலும் அதையே வாசிக்கட்டும். கல்யாணத் தேதி வாசிக்கிற மைக்கில் காய்ச்சல் கணக்கும் வாசிக்கலாம். இதை எழுதி எங்கள் ஊராட்சியில் மனுவாகவும் கொடுத்திருக்கிறேன்.

கடையில் ஒரு மாற்றம் செய்துவிட்டேன். மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒரு திரை, ஒரு நாற்காலி, வெப்பமானி, ஆக்சிமீட்டர். வாசலில் நிற்கிறவர்களுக்கு உள்ளே இருப்பவரைத் தெரியாது. நேற்று வந்தவரிடமும், "அண்ணே, பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்புறம் தாறேன், நீங்க முதல்ல உள்ள வந்து உக்காருங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். 102.4 இருந்தது. மூன்று நாளாம். செவிலியரைக் கூப்பிட்டுச் சொன்னேன், இன்று காலையில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு நாளைக்கு வரும்.