ஜொகூர் ரெங்கம் பையன் கோல் கம்பத்துக்கு நடுவே நிற்க என்னென்ன வேண்டும்?

வெளிநாட்டுக் கோல் காவலர் ஒருவருக்குக் குடியுரிமை கொடுத்து மலேசிய அணியில் நிறுத்தலாமே என்று அவ்வப்போது ஒரு பேச்சு கிளம்புகிறது. நிறுத்தலாம், ஆனால் ஹெர்னான் கலின்டெஸ் மாதிரி ஆளாக இருக்க வேண்டும். அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் பிறந்தவர், 2012இல் ஈக்வடோர் கிளப்பில் சேர்ந்தார். அந்நாட்டுச் சட்டையை அவர் போட்டது 2021இல்தான். 2022 உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில், கத்தாருக்கு எதிராக, 35 வயதில் ஈக்வடோரின் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றார். அதற்குள் அந்நாட்டு லீக்கில் பல வருடம் ஆடிப் பழகியிருந்தார். கோல் காவலருக்கு அந்தப் பழக்கம்தான் பாதி வேலை.

பிறப்பாலோ பெற்றோர், தாத்தா பாட்டி வழியாகவோ தொடர்பு இல்லாதவர் 18 வயதுக்குப் பிறகு ஒரு நாட்டுக்கு வந்தால், அங்கே 5 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது ஃபிஃபா. நம் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு அதைவிடக் கடுமையானது: 12 வருடத்தில் 10 வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும், மலாய் மொழி போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். 25 வயதில் வரும் தாக்குதல் ஆட்டக்காரர் அந்தக் கணக்கை முடிப்பதற்குள் கால் ஓய்ந்துவிடும். கோல் காவலருக்கு 35 வயது நல்ல வயது. உண்மையில் குடியிருந்து குடியுரிமை பெறும் இந்த நீண்ட வழி கோல் காவலர்களுக்குத்தான் பொருந்துகிறது. பொறுமையாக அந்த வழியில் வருபவரை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் இருப்பது ஒரே இடம். நடுத்திடலில் நான்கு பேரில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால் மற்ற மூவருக்கு இடமிருக்கும். கோல் காவலர் ஒருவர் நிலைத்துவிட்டால் பின்னால் நிற்கும் பையன் பத்து வருடம் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். தென்கொரியா இதை அனுபவித்துப் பார்த்தது. 1992இல் வந்த வலேரி சாரிச்சேவ் அங்கே அசைக்க முடியாத கோல் காவலரானார், மற்ற கிளப்புகளும் வெளிநாட்டவரைத் தேடின. 1999இல் வெளிநாட்டுக் கோல் காவலர்களையே லீக் தடை செய்தது. அவர் 2000இல் கொரியக் குடியுரிமை வாங்கி, ஷின் உய்-சோன் என்ற பெயரில் தொடர்ந்து ஆடினார்.

விதியின் நுணுக்கமும் முக்கியம். இந்தோனேசியாவின் கோல் காவலர் மார்ட்டன் பாஸ், பாட்டி அந்நாட்டின் கெடிரியில் பிறந்தவர் என்பதால் 2024 ஏப்ரலில் குடியுரிமை பெற்றார். ஆனால் 21 வயதைத் தாண்டிய பிறகு நெதர்லாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடியிருந்தார். அப்படி ஆடியவர் வேறு நாட்டுக்கு மாற ஃபிஃபா விதி இடம் தராததால் விவகாரம் விளையாட்டு நடுவர் மன்றம்வரை போனது. ஆகஸ்டில் அனுமதி கிடைத்து, செப்டம்பரில் ஜெடாவில் முதல் ஆட்டத்திலேயே சவூதியின் பெனால்டியைத் தடுத்தார். அவர் பாட்டியின் கதை உண்மையானது. நம் கதை அப்படியில்லை. 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்ற ஆட்டத்தில் களமிறங்கிய, வெளிநாட்டில் பிறந்து மலேசியக் குடியுரிமை பெற்ற ஏழு பேருக்கும் பொய்யான தாத்தா பாட்டி ஆவணம் தரப்பட்டது என்று ஃபிஃபா தீர்ப்பளித்தது. மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம், ஏழு பேருக்கும் 12 மாதத் தடை. அதில் கோல் காவலர் இல்லை என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை.

ஏனென்றால் ரெங்கம், லாயாங்-லாயாங் பக்கம் தோட்டத்தில் பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மண்ணில் அத்தனை வருடமும் வாழ்ந்தவர்களுக்குத் தாள் இல்லை. அப்படி வாழாதவர்களுக்குத் தாள் வந்தது. நெஞ்சு கொதிக்கிறது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல் காவலர் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம். அவரைப் போல இன்னொருவர் தோட்டத்தில் வளர்ந்தாலும், குடியுரிமை இல்லையென்றால் ஃபிஃபா விதிப்படி தேசிய அணி வாசலையே தொட முடியாது.

பெரும்பாலும் சிக்கல் எங்கே தொடங்குகிறது? கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட கல்யாணத்தில். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. அம்மாவிடம் குடியுரிமையோ நிரந்தர வசிப்போ இல்லாவிட்டால், அப்பா குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பயனில்லை. பிறகு போய்த் திருமணத்தைப் பதிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி வருடங்களை விடாதீர்கள். பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை நிலை வரியைப் பாருங்கள். 'புக்கான் வார்கானெகாரா' (குடிமகன் அல்ல) என்றிருந்தால் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பிக்க வேண்டும். வயது வரம்பு 21 என்றிருந்ததை 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் 18 ஆகக் குறைக்கிறது. அதனால் பையன் தமிழ்ப்பள்ளியில் இருக்கும்போதே தொடங்குங்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். பத்து வயதுப் பையனை 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரக் கம்பத்தில் நிறுத்தாதீர்கள். தலைக்கு மேலே போகும் பந்துக்கு அவன் என்ன செய்ய முடியும்? எட்டாத பந்துக்குக் கையைத் தூக்குவதையே விட்டுவிடுவான், அந்தப் பழக்கம் பதினைந்து வயதிலும் போகாது. இரண்டு மூங்கில் நட்டு, 5 மீட்டர் அகலத்தில், 2 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டுங்கள். பந்து 4ஆம் எண். தாவலை முதலில் மண்டியிட்டுப் பழக்குங்கள், பிறகு குந்தி, அப்புறம் நின்று. கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள் என்ற வரிசையில் உடம்பு தரையைத் தொட வேண்டும். முழங்கையோ வயிறோ முதலில் விழுந்தால் பந்து கையை விட்டுப் போகும். நம் திடல்களில் கம்பத்துக்கு முன்னால் புல்லே இருக்காது, செம்மண் இறுகிக் கிடக்கும். அங்கே தாவச் சொன்னால் பிள்ளை பயந்து தாவலையே வெறுப்பான். ஓரத்துப் புல்லில் பழக்குங்கள்.

கையுறையை ஆட்டத்துக்கு முன் லேசாக ஈரப்படுத்த வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் கிடந்தால் லேடெக்ஸ் காய்ந்து உதிரும், பிடிமானம் போய்விடும்.

தோட்டத்து அணியில் எல்லாரும் தமிழில் கத்துவோம். மாநில அணியில் தற்காப்பு ஆட்டக்காரர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருப்பார். 'கெலுவார்' (வெளியே), 'ஜாகா' (பார்த்துக்கொள்), 'பெலாக்காங்' (பின்னால்) என்ற மலாய்க் குரல் பந்து வரும்போது தானாக வர வேண்டும், யோசித்து வரக்கூடாது. உள்ளூர்ப் பயிற்சியிலேயே அந்தக் குரலில் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் போய் ஆட நினைக்கும் பெற்றோர் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இரு நாடும் இரட்டைக் குடியுரிமை தராது. மலேசிய இளையோர் அணிக்கு அதிகாரப்பூர்வப் போட்டியில் பையன் ஏற்கெனவே ஆடியிருந்தால், பிறகு சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கினாலும் ஃபிஃபாவிடம் சங்க மாற்றம் கேட்க வேண்டும். அந்த இளையோர் ஆட்டங்களில் கடைசியாக ஆடியபோது 21 வயது நிரம்பியிருக்கக் கூடாது. நட்பு ஆட்டங்கள் இந்தக் கணக்கில் வராது. அழைப்புக் கடிதம் வந்ததும் அது எந்த வகை ஆட்டம் என்று கேட்டு, கடிதத்தைப் பிறப்புப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள்.