'புகார் கொடுக்கச் சொந்த மாநிலத்துக்குப் போ' என்பது பொய்

வேளச்சேரியில் அழகு நிலையத்தில் வேலை செய்யும் மணிப்பூர்ப் பெண் ஒருவர் தன் போனை நீட்டினார். "முகத்தை வைத்து இனப்பெயர் சொல்லித் திட்டினால் சென்னையில் புகார் எடுக்க மாட்டார்கள், சொந்த மாநிலத்தில்தான் கொடுக்கவேண்டும்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல். அதை நம்பித்தான் இரண்டு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார். கேட்கவே வேதனையாக இருந்தது.

இது தவறு. சம்பவம் சென்னையில் நடந்தால் சென்னைக் காவல் நிலையத்திலேயே புகார் தரலாம். எந்த நிலைய எல்லை என்று தெரியவில்லையா? வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றமென்றால் பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ஆம் பிரிவுப்படி எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். எஃப்ஐஆர் நகலும் இலவசம்.

அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு இனம், பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. கடை, ஓட்டல் எல்லாம் அதில் அடக்கம். இனத்தின் பேரில் பகைமூட்டினால் பிஎன்எஸ் (குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம்) 196ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை சிறை. தனி ஆளை வம்புக்கு இழுத்து அவமதித்தால் அதே சட்டத்தின் 352ஆம் பிரிவு.

சரி, இனவசைக்கென்றே தனிப் பிரிவு உண்டா? இல்லை. டெல்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா தாக்கப்பட்டு இறந்தபின், வடகிழக்கு மக்களின் பிரச்சினைகளை ஆராய 2014இல் மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு அதைக் கேட்டது. பிஎன்எஸ் வந்தபோதும் சேர்க்கவில்லை. அந்தக் குறையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.