முடியைப் பார்த்தே ஆண்டைச் சொல்லலாம்

சென்ற வாரம், என்னைப்போலவே காமிக்ஸ் வீரர்களின் படக் கார்டுகளைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து என் பைண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். வுல்வரின் வந்ததும் நின்றார், இன்றைய விலையைச் சொன்னார். ஸ்பைடர்மேனுக்கும் நின்றார். மழையையும் மின்னலையும் ஆளும் எக்ஸ்-மென் வீராங்கனை ஸ்டார்ம் இருந்த நான்கு பக்கங்களை மட்டும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டு, "இவளுக்கு எதற்கு இவ்வளவு இடம்? விலை ஏறவே ஏறாதே" என்றார். வீட்டுக்கு வந்தவரிடம் வாதம் வேண்டாம் என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. அவருக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஸ்டார்மை எப்படிச் சேகரிக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. மற்ற வீரர்களின் கார்டுகளை விலை வரிசையிலோ அரிதான வரிசையிலோ அடுக்கலாம். ஸ்டார்மை அவள் கதையின் வரிசையில்தான் அடுக்க வேண்டும். வுல்வரினின் முகம் ஐம்பது ஆண்டுகளாக ஏறக்குறைய ஒன்றுதான். மஞ்சள் உடை, பழுப்பு உடை, நகங்கள், முறைப்பு. ஸ்டார்ம் அப்படியல்ல. அவள் வாழ்க்கையில் ஒன்று உடையும்போதெல்லாம் தோற்றம் மாறியிருக்கிறது. கதை தெரிந்தவர் அவள் தலைமுடியைப் பார்த்தே ஆண்டைச் சொல்லிவிடலாம்.

தொடக்கத்திலிருந்து வருகிறேன். 1970-க்குப் பிறகு, மார்வெல் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்-மென் என்ற வீரர் குழுவின் இதழில் புதுக் கதையே இல்லை. பழைய கதைகளையே மறுபதிப்புச் செய்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1975-இல் 'ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென்' முதல் இதழ் 50 சென்ட் விலையில் வந்தது. எழுத்து லென் வீன், ஓவியம் டேவ் காக்ரம். ஜெர்மனியிலிருந்து நைட்கிராலர், ரஷ்யாவிலிருந்து கொலோசஸ், கென்யாவிலிருந்து ஓரோரோ மன்ரோ என்ற ஸ்டார்ம். அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் நிறுவனங்களில் முதல் வரிசைக்கு வந்த கறுப்பினப் பெண் வீராங்கனைகளில் தலையாயவள் அவள்தான்.

காக்ரம் முதலில் வரைந்து வைத்திருந்தது பூனைச் சாயல் கொண்ட ஒரு பெண்ணை. பூனை வீராங்கனைகள் மார்வெலில் ஏற்கெனவே வந்துவிட்டதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, வெள்ளை முடியும் மேலங்கியும் கொடுத்து, மழையையும் காற்றையும் அவள் கையில் வைத்தார். பூனை போனாலும் கண்கள் தங்கிவிட்டன. காக்ரம் வரைந்த ஸ்டார்மின் கண்மணிகளை உற்றுப் பாருங்கள், நெட்டுக்குத்தாகக் கீறல்போல இருக்கும். பிற்கால ஓவியர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரு கார்டில் அந்தக் கீறல் கண்கள் இருந்தால், வரைந்தவர் முதல் இதழைப் படித்திருக்கிறார் என்று எனக்குள் ஒரு மகிழ்ச்சி.

உருவம் காக்ரம் தந்தது, உயிர் கிறிஸ் கிளேர்மான்ட் தந்தது. 1975 முதல் 1991 வரை எக்ஸ்-மென்னை எழுதியவர். 1976-இல் 102-ஆம் இதழில் அவள் பிறப்பையும் வளர்ப்பையும் சொன்னார். தாய் கென்ய இளவரசி, தந்தை அமெரிக்கப் புகைப்படச் செய்தியாளர். கெய்ரோவில் சூயஸ் போரின்போது விமானம் ஒன்று வீட்டின் மேல் விழுகிறது. பெற்றோர் இறக்கிறார்கள், குழந்தை இடிபாட்டுக்குள் தாயின் உடலருகே புதைந்து கிடக்கிறாள். அன்று பிடித்த பயம் வளர்ந்த பிறகும் விடவில்லை. வானத்தையே ஆட்டி வைக்கிறவள், மூடிய அறையில் மூச்சுவிட முடியாமல் நடுங்குகிறாள். கென்யாவில் ஒரு பழங்குடி மக்கள் தெய்வமாகக் கும்பிட்ட பெண்ணுக்கு இப்படி ஒரு பயத்தைக் கொடுத்த எழுத்தாளரை நான் வணங்குகிறேன்.

இனி நான் மிகவும் நேசிக்கும் காலம். குழுத் தோழி ஃபீனிக்ஸின் மரணத்துக்குப் பிறகு தலைவன் சைக்ளாப்ஸ் விலகிப் போக, 1980-இல் குழுவின் தலைமை ஸ்டார்மிடம் வருகிறது. 1983-இல் 170-ஆம் இதழ். பாதாளச் சுரங்கங்களில் வாழும் மோர்லாக்குகள், எக்ஸ்-மென்னின் பழைய உறுப்பினன் ஏஞ்சலைக் கடத்திவிடுகிறார்கள். அவர்களுடைய தலைவி கலிஸ்டோ. தலைமைக்காகச் சவால் விட்டு உயிரைப் பணயம் வைத்து மோதலாம் என்பது அங்கே வழக்கம். ஸ்டார்ம் அப்போது நோயில் தள்ளாடுகிறாள். இருப்பதோ அவள் அஞ்சும் அடைபட்ட இடம். மின்னலை அழைக்காமல் கத்தியை எடுக்கிறாள், கலிஸ்டோவின் மார்பில் பாய்ச்சுகிறாள். ஒரு உயிரையும் எடுக்க மாட்டேன் என்று வாழ்ந்தவள் அவள். வென்றாள், ஆனால் பழைய ஓரோரோ அந்தச் சுரங்கத்திலிருந்து வெளியே வரவில்லை.

மூன்று இதழ் கழித்து 173-இல், ஜப்பானில், பால் ஸ்மித்தின் ஓவியத்தில் அவள் வந்து நிற்கும் கோலம் எல்லோரையும் உலுக்கியது. இடுப்பு வரை புரண்ட வெள்ளைக் கூந்தல் இல்லை. இரு பக்கமும் மழித்து, நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கும் முடி. கறுப்புத் தோல் அங்கி. அவளைத் தாய்போல நினைத்திருந்த சிறுமி கிட்டி பார்த்ததும் அதிர்ந்துபோகிறாள். அன்று பல வாசகர்களும் கிட்டியின் நிலையில்தான் இருந்திருப்பார்கள். எனக்கோ அவளுடைய கோலங்களில் இதற்கு இணை எதுவுமில்லை. துக்கத்தில் முடியைக் களைவது நம் வீடுகளிலும் உண்டு, அதனால்தானோ என்னவோ.

1984-இல் 185-ஆம் இதழில், குழுவில் இருந்த ரோக் என்ற பெண்ணுக்கு வைத்த குறி அவள்மேல் பட்டு ஆற்றல் முழுவதும் போய்விடுகிறது. சுட்ட துப்பாக்கியை வடிவமைத்தவன் ஃபோர்ஜ். அடுத்த இதழில் அவளைத் தேற்றுகிறவனும், அவள் மனம் சாய்கிறவனும் அவன்தான். உண்மை தெரிந்ததும் உதறிவிட்டுப் போகிறாள். பேரி வின்ட்சர்-ஸ்மித் வரைந்த அந்த 186-ஆம் இதழில் வில்லனை அடித்து வீழ்த்தும் காட்சிக்கு வேலையே இல்லை. ஒரு பெண் தான் இழந்ததை உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறாள், அவ்வளவே. 1986-இல் 201-ஆம் இதழில் தலைமை யாருக்கு என்று சைக்ளாப்ஸுடன் போட்டி. அவனிடம் கண்ணிலிருந்து பாயும் கதிர், இவளிடம் வெறும் கை. அவன் கண்கவசத்தைப் பறித்து வெல்கிறாள். ஆற்றல் திரும்பி வந்தது 1988-இல்தான். ஒரு மின்னல்கூட இல்லாமல் ஆண்டுக்கணக்கில் எக்ஸ்-மென்னை நடத்தினாள். வேறு எந்த வீராங்கனைக்கு இப்படி எழுதினார்கள்?

இப்போது கார்டுகளுக்கு வருகிறேன்.

1990-இல் இம்பெல் நிறுவனம் மார்வெல் யுனிவர்ஸ் முதல் தொகுப்பை வெளியிட்டது. 162 கார்டுகள், அவற்றோடு 5 ஹோலோகிராம். பின்பக்கத்தில் பேஸ்பால் வீரருக்குப் போடுவதுபோல மொத்தச் சண்டைகள், வெற்றி, தோல்வி எல்லாம் அச்சடித்திருப்பார்கள். சிறுவர்கள் அதை மனப்பாடமே செய்தார்கள். 1992-இல் ஜிம் லீ வரைந்த எக்ஸ்-மென் தொகுப்பு, 100 கார்டு. அதற்கு முந்தைய ஆண்டு அவரும் கிளேர்மான்ட்டும் தொடங்கிய புதிய எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் கார்டு வந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31-இல் தொலைக்காட்சியில் எக்ஸ்-மென் கார்ட்டூன் தொடர் தொடங்கியது. அதில் வரும் நீள்கூந்தல், வெள்ளை உடை ஸ்டார்ம்தான் அந்தத் தலைமுறையின் ஸ்டார்ம். இன்று கார்டு வாங்கும் நாற்பது வயதுக்காரர் பலர் தேடுவது அந்தத் தொடர் ஓடிய சனிக்கிழமைக் காலையைத்தான். அதில் தவறில்லை.

அதே 1992-இல் மார்வெல் மாஸ்டர்பீசஸ் என்ற கார்டுத் தொகுப்பு வந்தது. காமிக்ஸ் படத்தை வெட்டி ஒட்டிய கார்டு அல்ல. ஜோ ஜஸ்கோ என்ற ஒரே ஓவியர் 100 கார்டுக்கும் வண்ணம் தீட்டினார். சாதாரணக் கோட்டோவியத்தில் ஸ்டார்மின் முடி என்பது கறுப்புக் கோட்டுக்குள் விட்ட வெற்றிடம். வண்ண ஓவியத்தில் அந்த வெள்ளைக்குள் நீலமும் சாம்பலும் மின்னலின் மஞ்சளும் ஏறும். இருண்ட வானம், கரிய தோல், வெண்முடி என்று மூன்றும் சேர்ந்தால் ஓவியனுக்கு விருந்து. 1994-இல் ஹில்டபிராண்ட் சகோதரர்கள் கிரெக், டிம் இருவரும் மாஸ்டர்பீசஸ் தொகுப்பைத் தீட்டினார்கள். இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் உள்ள அட்டையில் ஒரு புயலை அடக்குவது சின்ன வேலையில்லை.

பிறகு சரிவு. கார்டு அச்சடிக்கும் நிறுவனங்களான ஃபிளீரை 1992-இலும் ஸ்கைபாக்ஸை 1995-இலும் மார்வெல் வாங்கியது. கார்டுச் சந்தை சரிய, 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு போட்டது. அளவுக்கு மீறி அச்சடித்ததால் அந்தக் காலத்துச் சாதாரணக் கார்டுகள் இன்றும் மலிவு. நண்பர் சொன்ன "விலை ஏறாது" என்பதன் வேர் இதுதான். அச்சடித்தவர்கள் செய்த பிழையை ஸ்டார்மின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

மலிவாக இருப்பது எனக்குச் சாதகம். நூறு பேர் துரத்தும், கொஞ்சமாக அச்சடித்து எண்ணிட்ட கார்டுக்குச் சம்பளத்தைக் கொட்டாமல், ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் ஒன்பது பை கொண்ட நான்கு தாள்களில் அடுக்கிவிட்டேன். மேலங்கியும் நெற்றி அணியும் கொண்ட பழைய கோலம் முதல் தாள். மழித்த முடி இரண்டாவது. வெள்ளை உடை மூன்றாவது. நான்காவதில் 2013 வாக்கில் மீண்டும் மழித்த முடிக்குத் திரும்பிய ஸ்டார்மும், அதற்குப் பிறகு வந்தவையும்.

இரண்டாவது தாளில்தான் என் உயிர் இருக்கிறது. 1998-இல் ஸ்கைபாக்ஸின் மார்வெல் கிரியேட்டர்ஸ் கலெக்ஷன் தொகுப்பில் ஓவியர்கள் கையால் வரைந்த ஸ்கெட்ச் கார்டுகளைக் கார்டுப் பாக்கெட்டுக்குள் வைத்தார்கள். அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. ஒன்று போல இன்னொன்று கிடையாது. என்னிடம் இருக்கும் ஸ்கெட்ச் கார்டு ஒரே ஒரு கறுப்புப் பேனாவால் வரைந்தது. சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய பள்ளம் தெரிகிறது. இடது தோளை முதலில் கொஞ்சம் உயரமாகப் போட்டு, அழித்து, தாழ்த்தியிருக்கிறார். முகத்திலும் கழுத்திலும் மை அடர்ந்து, விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளுமோ என்று இருக்கிறது. நடுமுடி இருக்கும் இடத்தில் மையே இல்லை. அட்டையின் வெறும் வெள்ளைதான் அவள் முடி. சுற்றிலும் கறுப்பைக் கொட்டி, அந்த வெள்ளையை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார் அந்தக் கலைஞர். இதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை.

மை அடர்த்தியைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பல கார்டுகளில் ஸ்டார்மை வெளுத்துவிடுகிறார்கள். வண்ணம் போடுகிறவரோ அச்சகமோ, யாரோ ஒருவர் அவளை ஒவ்வொரு படியாகப் பழுப்பிலிருந்து மாநிறத்துக்கு இறக்கிவிடுகிறார். கென்யத் தாய்க்கும் அமெரிக்கக் கறுப்பினத் தந்தைக்கும் பிறந்தவள் அவள். நிறத்தை வெளுத்துக் காட்டி அழகு என்று விற்கும் வழக்கத்தின் வலி நமக்குத் தெரியாததா? தர மதிப்பீட்டில் பத்துக்குப் பத்து வாங்கிய கார்டாக இருந்தாலும், வெளுத்த ஸ்டார்மை நான் வாங்குவதில்லை.

மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை ஆசைப்பட்டு 1992 மாஸ்டர்பீசஸ் ஸ்டார்மைத் தர மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். மாதக்கணக்கில் காத்திருந்தேன். கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் 8 என்ற எண்ணோடு திரும்பியது. படம் நடுவிலிருந்து ஒரு பக்கம் சற்று ஒதுங்கியிருக்கிறதாம். மூலை, ஓரம், மேற்பரப்பு, நடுநிலை என்று நான்கையும் அளந்துவிட்டார்கள். அளக்க வேண்டியவைதான், விற்கிறவருக்கு. எனக்கு அந்தக் கட்டணத்தில் இன்னும் இருபது கார்டுகள் கிடைத்திருக்கும். அதைவிட, அறையில் அடைபட அஞ்சும் ஒருத்தியை உறைக்குள் திறக்க முடியாதபடி மூடிய குற்ற உணர்வு எனக்கு இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து எந்த ஸ்டார்மையும் அனுப்பவில்லை.

நண்பரே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த முறை வரும்போது 170, 173, 185, 186, 201 ஆகிய ஐந்து இதழ்களின் மறுபதிப்பையும் எடுத்து வைத்திருப்பேன். படித்துவிட்டுப் பிறகு அந்த நான்கு தாள்களைப் புரட்டுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் மூன்றாவது தாளில் ஒரு பை காலியாக இருக்கிறது. 1994 ஹில்டபிராண்ட் ஸ்டார்ம் வேண்டும். மூலை கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை, நிறம் வெயிலில் போகாமல் இருந்தால் போதும். என்னிடம் அதே தொகுப்பின் வுல்வரின் இரண்டு இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளத் தயார். இரண்டையும் கேட்டாலும் தருவேன்.