82-ஆம் இடத்தில் தொடங்கியவர்கள்

பிரிட்டனின் டேக் தட் என்ற ஐந்து பையன்கள் பாப் குழுவைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அது மேனேஜர் ஆள் பிடித்துச் சேர்த்த குழுதானே" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

சேர்த்தது மேனேஜர்தான், சரி. 1990-இல் மான்செஸ்டரில் நைஜல் மார்ட்டின் ஸ்மித் ஐந்து பையன்களைச் சேர்த்தார். அமெரிக்காவில் நியூ கிட்ஸ் ஆன் த பிளாக் என்ற பையன்கள் குழு அடைந்த வெற்றியைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. ஆனால் வந்த பையன்கள் யார்? கேரி பார்லோ பள்ளி வயதிலிருந்தே தொழிலாளர் கிளப்புகளில் கீபோர்டு வாசித்துச் சம்பாதித்தவர். மார்க் ஓவன் வங்கியில் வேலை பார்த்தவர். ஹோவர்ட் டொனால்ட் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்தார், ஜேசன் ஆரஞ்ச் வீடுகளுக்கு. ராபி வில்லியம்ஸுக்கு அப்போது 16 வயதுதான்.

1991-இல் வந்த முதல் பாட்டு பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் 82-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. ஆர்சிஏ என்ற இசைத்தட்டு நிறுவனம் எடுத்துக்கொண்ட பிறகும் அடுத்த இரண்டு பாட்டுகள் 38, 47. அந்த நாட்களில் பள்ளிக்கூடங்களிலும் தன்பாலீர்ப்பாளர் கிளப்புகளிலும் மாறி மாறி ஆடிப் பாடினார்கள். கிடைத்த மேடையை விடவில்லை. கூட்டத்தை ஒவ்வொரு ஊராகப் போய்ச் சேர்த்தார்கள். இதை மேனேஜர் ஒருவரே செய்துவிட முடியுமா?

1992-இல் ஒரு பழைய பாட்டைப் புதிதாகப் பாடி 7-ஆம் இடம். அப்புறம் 1993 ஜூலையில் 'பிரே' வந்த வாரமே முதலிடம். அதை எழுதியவர் பார்லோ, விலைக்கு வாங்கிய பாட்டு இல்லை. அடுத்த மூன்று பாட்டுகளும் நேராக முதலிடத்தில்தான் இறங்கின. 1995-இல் 'பேக் ஃபார் குட்' அமெரிக்காவிலேயே 7-ஆம் இடம் வரை போனது. தொண்ணூறுகளின் மிக நல்ல பாப் பாட்டுகளில் அதுவும் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே வருடம் ராபி விலகினார். 1996 பிப்ரவரி 13 அன்று குழு கலைகிறது என்று அறிவித்தார்கள். அழுத ரசிகைகளுக்காகத் தொலைபேசி உதவி எண்கள் திறக்கப்பட்டன. இதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். கால்பந்து அணி தோற்றதற்கு ஐம்பது வயது ஆண் அழுதால் அதைப் பற்று என்கிறோம். பதினான்கு வயதுப் பெண் பாட்டுக்காக அழுதால் மட்டும் ஏன் பைத்தியம்? அந்தக் குழுவின் அருமையை முதலில் கண்டுகொண்டவர்கள் அவர்கள்தான்.

2006-இல் ராபி இல்லாமல் நால்வரும் திரும்பி வந்தார்கள். 'பேஷன்ஸ்' முதலிடம். அன்றைக்கு அழுத சிறுமிகள் அதற்குள் வேலை, குடும்பம் என்று வளர்ந்திருந்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு மறுபடி வந்தவர்களும் அவர்களே.