பீடிக்கு மட்டும் ஏன் விலக்கு?

குடிநோய்ச் சிகிச்சையில் இருப்பவரிடம் புகையையும் விடச் சொன்னால் தாங்கமாட்டார், முதலில் மது நிற்கட்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1972 முதல் 1983 வரை பெரும்பாலும் குடிநோய்க்காக உள்நோயாளிகளாக இருந்தவர்களைப் பின்தொடர்ந்து 1996-இல் வெளியான ஆய்வின்படி, அவர்களுள் பின்னர் இறந்தோரில் மதுவால் மாண்டவர்களைவிடப் புகையிலையால் மாண்டவர்களே அதிகம்; பாதிக்குச் சற்று மேல். குடியை விட முயல்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் நிறுவனர்களுள் ஒருவரான பில் வில்சன், 30 ஆண்டுகளுக்கு மேல் மதுவைத் தொடாதவர், 1971-இல் இறந்தபோது அவரது நுரையீரல், பெரும்பாலும் புகைப்பழக்கத்தால் வரும் எம்ஃபிசீமா என்ற மூச்சுநோயால் சிதைந்திருந்தது. நம் ஊரிலோ, நோயாளியைப் பார்க்க வரும் உறவினரே வாழைப்பழத்தோடு பீடிக்கட்டையும் பையில் வைத்துக் கொடுக்கிறார். பாவம், அதுவாவது இருக்கட்டும் என்ற பரிவுதான் காரணம்.

கட்டுரையாளரின் அச்சமும் ஆதாரமற்றதன்று. அதே மின்னசோட்டா மாநிலத்தில் நடந்து 2004-இல் வெளியான மற்றோர் ஆய்வில், புகை நிறுத்தச் சிகிச்சையை உடனே பெற்றவர்களைவிட ஆறு மாதம் கழித்துப் பெற்றவர்களே மதுவிலக்கில் மேலாக இருந்தனர். அதே ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மற்றொரு கட்டுரையோ இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. எனவே காலத்தை நோயாளியும் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும், ஆனால் பேச்சையே தள்ளிப்போட வேண்டாம். மருந்தில் மட்டும் கவனம் தேவை: புகையை விட உதவும் புப்ரோபியான் மாத்திரை, மதுவைத் திடீரென நிறுத்தும் நாட்களில் வலிப்பு அபாயத்தைக் கூட்டும் என்பதால், அப்போது தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டையோ நிக்கோடின் சூயிங்கமோ பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.