சர்வேயர் வந்திருந்தால்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிதடி கொலையைக் குறைக்க யாராவது உண்மையாகவே நினைத்தால், முதலில் இன்னும் நாலு சர்வேயரைப் போடச் சொல்லுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

பெரியப்பா மகன் ஒருவர், எனக்கு அண்ணன். பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும் ஊர்களில் ஒன்றில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறார். ஊர் பேர் வேண்டாம். அவர் காட்டுக்குப் போகும் வண்டித்தடத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருநாள் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். தடம் தன் பட்டாவுக்குள் வருகிறது என்பது அவர் கணக்கு. அண்ணன் பெட்டி பெட்டியாகத் தலையில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார். ஸ்டேஷனில் மனு கொடுத்தார். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். அளக்கச் சொல்லிப் பணம் கட்டினார். இன்றைக்கு வருகிறார், அடுத்த வாரம் வருகிறார் என்று நாலு மாதம் ஓடியது. ஒரு சாயங்காலம் மடை திருப்பும்போது யார் யாரை முதலில் என்ன சொன்னார்களோ, மண்வெட்டி எழும்பிவிட்டது. அண்ணனுக்குத் தலையில் 14 தையல். அந்தப் பக்கத்தாருக்கு மணிக்கட்டு முறிவு.

என் மெடிக்கல் கடை ஆஸ்பத்திரி ரோட்டில். ஷட்டரை இறக்கப் போன நேரத்தில் எக்ஸ்எல் வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். தலையில் கட்டியிருந்த துண்டு என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி ஊறியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது, "மூணு பெட்டி ரோட்டோரமே நிக்குதுடா, யாரையாச்சும் போய் எடுக்கச் சொல்லு."

அப்புறம் போலீஸ் வேகமாகத்தான் வந்தது. இவர் மேல் கேஸ், அவர் மேல் கவுன்ட்டர் கேஸ். நாலு மாதம் சிவில் மேட்டராக இருந்தது ஒரே ராத்திரியில் கிரிமினல் மேட்டர் ஆனது. இப்போது வாய்தாவுக்கு ரெண்டு பேரும் ஒரே டவுன் பஸ்ஸில் போகிறார்கள். வேறு பஸ் இல்லை.

வன்முறைக் குற்றம் என்றதும் நமக்கு ரவுடி, கூலிப்படை, ஓசூர் ரியல் எஸ்டேட் பகை இதெல்லாம்தான் கண்ணில் வருகிறது. அதுவும் இருக்கிறது. ஆனால் பஞ்சும் கட்டுத்துணியும் வாங்க என் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டால், அடித்தவன் பங்காளி, பக்கத்து வீட்டுக்காரன், கூடக் குடித்தவன். 2023 பிப்ரவரியில் போச்சம்பள்ளி அருகே வேலம்பட்டியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் துணி துவைத்ததற்காக ஆரம்பித்த வாய்ச்சண்டை. விடுமுறைக்கு வந்திருந்த ராணுவ வீரர் அடிபட்டு, சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

இப்படி ஒன்று நடந்த பிறகுதான் நம்மூரில் அமைதிப் பேச்சுவார்த்தை கூடும். ஆர்டிஓ, டிஎஸ்பி, ரெண்டு தரப்பு முக்கியஸ்தர்கள், டீ, பிஸ்கட், கையெழுத்து. செத்தவன் வீட்டில் எட்டாம் துக்கம்கூட முடிந்திருக்காது. இதே ஆட்கள் அந்த முள் வெட்டிப் போட்ட வாரத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்பதுதான் என் கேள்வி.

வெளியூரில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் கார்டிஃப் என்று ஒரு நகரம். அங்கே முகம், தாடை ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஜோனதன் ஷெப்பர்ட், அடிபட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் போலீஸ் கணக்கிலேயே இல்லை என்பதைக் கவனித்தார். அவசரப் பிரிவில் சீட்டு போடும் இடத்தில் மூன்றே கேள்வி கேட்க ஏற்பாடு செய்தார்: எங்கே நடந்தது, எப்போது, எதைக் கொண்டு அடித்தார்கள். பேரை எடுத்துவிட்டு அந்த விவரத்தை மட்டும் ஆஸ்பத்திரி, போலீஸ், நகராட்சி மூன்றும் சேர்ந்த குழுவில் மாதாமாதம் வைத்தார்கள். எந்தத் தெரு, எந்த மதுக்கடை, எந்த மணி என்பது தெரிந்துவிட்டது. ரோந்து அங்கே போனது. உடைத்தால் ஆயுதமாகும் கண்ணாடி டம்ளரை மாற்றச் செய்தார்கள். 2011-இல் வெளியான ஆய்வில், இதே மாதிரியான மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால் அடிதடிக் காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேருகிறவர்கள் 42 சதவீதம் குறைவு என்று வந்தது.

அந்த மூன்று கேள்வியும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்த ஜிஹெச்சுக்குப் போனாலும் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது அடிபட்டு வருகிறவர்களைப் பதியும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில், எழுதுவார்கள்: தெரிந்த நபர் ஒருவர், இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், கட்டையால். அது ஸ்டேஷனுக்குப் போகும், கேஸுக்கு காப்பி எடுப்பார்கள், அத்தோடு சரி. பேரை மறைத்துவிட்டு ஆறு மாதத்துப் பக்கங்களை ஒரே மேசையில் பரப்பினால், எந்த டாஸ்மாக், எந்தக் கிராமத்து வண்டித்தடம், எந்தத் திருவிழா என்று நர்சம்மாவே விரல் வைத்துக் காட்டிவிடுவார். ஒன்று மட்டும் அதில் சிக்காது. கன்னம் வீங்கி என்னிடம் தைலம் கேட்கும் பெண்கள் எல்லாம் "பாத்ரூம்ல வழுக்கிட்டேண்ணா" என்றுதான் சொல்கிறார்கள். ஒரே பாத்ரூமில் மாதம் ரெண்டு தடவை. இதற்கு மகளிர் குழு அக்காக்கள்தான் அந்த மேசையில் உட்கார வேண்டும்.

அப்படி ஒரு மேசைக்கு யார் யார் வேண்டும்? ஜிஹெச் ஆள் ஒருவர், ஸ்டேஷனிலிருந்து ஒருவர், விஏஓ, கட்டாயம் சர்வேயர், ஆட்டோ ஸ்டாண்டு, பார் சப்ளையர் (யார் யாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது), ஒரு வாத்தியார். கட்சிக்காரர் வேண்டாம். வந்தால் ஃப்ளெக்ஸ் வரும், ஃப்ளெக்ஸ் கிழிந்தால் அதுவே ஒரு கேஸ்.

"அதான் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கே" என்று என் மாமாவே சொன்னார். நான் சொல்வது அது இல்லை மாமா. ஊர்ப் பஞ்சாயத்தில் காலனிக்காரர் நின்றுகொண்டுதான் பேச வேண்டியிருக்கும், பொம்பளை பேசவே முடியாது. 2012 நவம்பரில் தர்மபுரி பக்கம் நத்தம் காலனி எரிந்தபோது காரணம் சாதி மாறி நடந்த ஒரு காதல் கல்யாணம். சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள் விஷயத்தில் பஞ்சாயத்து கூடுவதே சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. சில சண்டையில் சமரசம் பேசக் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புதான் வேண்டும்.

இந்த மேசை போலீஸ் கைத்தடியாகவும் ஆகக் கூடாது. 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததுதான், பொதுஜனங்கள் போலீஸுக்கு உதவும் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ். சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் செத்த பிறகு 2020-இல் அதைத் தடை செய்ய வேண்டி வந்தது.

நம்ம ஜனங்கள் வர மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். பென்னாகரம், அஞ்செட்டி மலைப்பக்கம், தானாகக் கொடுத்தால் கேஸ் இல்லை என்று சொன்னபோது, வீட்டுக்கூரையில் செருகியிருந்த நாட்டுத் துப்பாக்கியை ஊர்ப் பெரியவர் கையில் கொடுத்து ஒப்படைத்தவர்கள் இருக்கிறார்கள். ரெய்டு போயிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

அண்ணன் கதையை முடித்துவிடுகிறேன். போன மாதம் சர்வேயர் வந்தார். எஃப்எம்பி ஸ்கெட்சை (நில அளவை வரைபடம்) விரித்து, சங்கிலி பிடித்து அளந்து பார்த்தால், அந்தத் தடம் ரெண்டு பேர் பட்டாவிலும் இல்லை. வண்டிப்பாதைப் புறம்போக்கு. அளந்து முடிக்க முக்கால் மணி நேரம். கல் நடக் கடப்பாரை கொண்டுவந்து கொடுத்தவர் அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர், கட்டுப் போட்ட கையோடு. அண்ணன் குழி தோண்டினார். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாய்தா 18-ஆம் தேதி.